லல்லரின் பிழையும் பாஸ்கரரின் துணியும்

கோளத்தின் புறப்பரப்பைக் கேட்டால் கனஅளவுக்கான விடையை எழுதிவைக்கும் மாணவரைக் கணக்கு வராதவர் என்று ஒதுக்கிவிடுகிறோம். இதே இடத்தில் இடறியவர்களில் 8ஆம் நூற்றாண்டின் பெரும் வானியலாளர் லல்லரும் ஒருவர். வட்டத்தின் பரப்பைச் சுற்றளவால் பெருக்கினால் கோளத்தின் புறப்பரப்பு வரும் என்பது அவர் தந்த விதி. பரப்பை நீளத்தால் பெருக்கினால் கிடைப்பது கன அலகு. அது எந்தப் பரப்பையும் குறிக்க முடியாது. 499இல் எழுதப்பட்ட ஆரியபடீயத்திலும் கோளத்தின் கனஅளவுக்கான விதி தவறாகவே இருக்கிறது. ஆகவே இந்தத் தடுமாற்றத்துக்கு அறிவுக் குறைவைக் காரணமாகச் சொல்ல முடியாது. தட்டையாக விரிக்க முடியாத ஒன்றை அளக்கச் சொல்வதில்தான் சிக்கல் இருக்கிறது.

லல்லரின் விதியைச் சித்தாந்த சிரோமணியில் (1150) மறுத்தவர் இரண்டாம் பாஸ்கரர். விட்டத்தைச் சுற்றளவால் பெருக்கினால் போதும் என்பது அவர் முடிவு. பூமியின் சுற்றளவு 4,967 யோசனை (பழைய தூர அளவு), விட்டம் 1,581 யோசனைக்குச் சற்று மேல் என்று கொண்டு, அதன் புறப்பரப்பு 78,53,034 சதுர யோசனை என்றார். இதே அளவுகளை லல்லரின் விதியில் இட்டால் விடை 975 கோடியைத் தாண்டும். சரியான விடையைப்போல் ஏறத்தாழ 1,242 மடங்கு. சரியான விதியைச் சொன்னதோடு பாஸ்கரர் நிறுத்திக்கொள்ளவில்லை, தம் நூலுக்குத் தாமே எழுதிய உரையில் ஒரு சோதனையையும் வைத்தார். கோளத்தின் பாதிச் சுற்றளவை விட்டமாகக் கொண்டு வட்டத் துணி ஒன்றை வெட்டி, அரைக்கோளத்தின் மேல் போர்த்த வேண்டும். துணி அதை முழுக்க மூடுவதோடு, சுருக்கம் விழும் அளவுக்கு மிஞ்சவும் செய்யும். அந்தத் துணியின் பரப்பு கோளத்தின் நடுவட்டத்தைப்போல் சுமார் இரண்டரை மடங்குதான். எனவே முழுக் கோளத்தின் புறப்பரப்பு நடுவட்டத்தின் ஐந்து மடங்கை எட்டவே முடியாது. லல்லரின் விடை எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பது துணியைப் பிடித்துப் பார்த்த எவருக்கும் விளங்கிவிடும்.

துணியைப் போர்த்துவது நிரூபணம் ஆகாது என்று ஆட்சேபிக்கலாம். ஆகாதுதான், விடை எந்த எல்லைக்குள் இருக்கும் என்பதை மட்டுமே அது காட்டுகிறது. ஆனால் தடுமாறுகிறவருக்கு முதலில் வேண்டியது அந்த எல்லைதான். தன் விடை தவறு என்று தானே கண்டுகொண்ட பிறகுதான் சரியான வழியைக் கேட்கும் மனம் வரும். அந்த வழியையும் பாஸ்கரர் தருகிறார். நெல்லிக்காயின் மேல் தெரியும் கோடுகளைப்போல் கோளத்தை மேலிருந்து கீழாகச் சுளைகளாகப் பிரிக்கிறார். ஒவ்வொரு சுளையும் நடுவில் ஓர் அலகு அகலம் இருந்தால், சுளைகளின் எண்ணிக்கையும் சுற்றளவின் எண்ணும் ஒன்றே. ஒரு சுளையின் பரப்பைத் துண்டு துண்டாகக் கூட்டினால் அது விட்டத்துக்குச் சமமாகிறது. விட்டமும் சுற்றளவும் ஏன் பெருக்கப்படுகின்றன என்பது இங்கே துலங்குகிறது.

இந்த முடிவை ஆர்க்கிமிடீஸ் கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டிலேயே நிறுவிவிட்டாரே என்றும் கேட்கலாம். யார் முந்தியவர் என்பது வேறு வழக்கு. இங்கே கவனிக்க வேண்டியது கற்பிக்கும் மரபை. நம் முன்னோர் காரணம் கேளாமல் செய்யுளை ஒப்பித்தவர்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. செய்யுளை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் செய்யுள் மனத்தில் நிறுத்துவதற்கு, உரை புரியவைப்பதற்கு என்று வேலை பிரிந்திருந்தது. 1530 வாக்கில் கேரளத்தில் ஜ்யேஷ்டதேவர் எழுதிய யுக்திபாஷா இந்த மரபின் முதிர்ச்சி. கோளத்தைக் குறுக்கே வளையங்களாக அறுத்து, அவற்றின் பரப்புகளைக் கூட்டிப் புறப்பரப்பை நிறுவும் முறையை அந்நூல் மலையாள உரைநடையிலேயே படிப்படியாக விளக்குகிறது.

இன்றைய வகுப்பறை அந்த மரபின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. 4πr² என்பது நம் காலத்துச் செய்யுள். அதற்கான உரை தேர்வுக்கு வராது என்று தள்ளப்படுகிறது. நேரமில்லை என்பது ஆசிரியர்களின் நியாயமான குறை. ஆனால் பாஸ்கரரின் சோதனைக்கு ஒரு பந்தும் ஒரு துண்டுத் துணியும் போதும், ஒரு பாடவேளைகூட ஆகாது. உரை இல்லாத விதியில் 1,242 மடங்குப் பிழை புகுந்தாலும் அறிஞர் கண்ணுக்கே தெரியாமல் போகும் என்பதற்கு லல்லர் சான்று. பள்ளி மாணவரிடம் அதைவிடக் கூர்மையை எதிர்பார்த்துவிட்டு, உரையை மட்டும் கொடுக்க மறுப்பது முறையல்ல.