எலிசபெத் கீ: அப்பா யார் என்று நிரூபித்து விடுதலை பெற்ற பெண்

அமெரிக்காவில் குடும்ப வரலாறு தேடுவது பலருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. தாத்தாவின் தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்று பழைய பதிவேடுகளைப் புரட்டுபவர்கள் அங்கே ஏராளம். ஆனால் 350 ஆண்டுகளுக்கு முன்பு, வர்ஜீனியாவில் ஒரு பெண்ணின் விடுதலையே "உன் அப்பா யார்?" என்ற கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பெயர் எலிசபெத் கீ.

வர்ஜீனியா அப்போது இங்கிலாந்தின் குடியேற்றம். எலிசபெத் அங்கே சுமார் 1630-ல் பிறந்தார். அப்பா தாமஸ் கீ, ஆங்கிலேயர், தோட்ட முதலாளி, சட்டசபை உறுப்பினர். அம்மா ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அடிமைப் பெண்.

1636-ல் தாமஸ் கீ தன் மகளை ஹம்ஃப்ரி ஹிக்கின்சன் என்பவரிடம் ஒப்படைத்தார். ஒப்பந்தம் 9 ஆண்டுகளுக்கு. அது முடிந்ததும் அவள் சுதந்திரமானவள். அதே ஆண்டில் தாமஸ் கீ இறந்துவிட்டார். எலிசபெத் பின்னர் ஜான் மோட்ரம் என்ற இன்னொரு முதலாளியின் கைக்குப் போனார். 9 ஆண்டுகள் எப்போதோ முடிந்தன, யாரும் விடுவிக்கவில்லை. 1655-ல் மோட்ரம் இறந்தபோது, அவரது சொத்துக் கணக்கில் எலிசபெத்தை நீக்ரோக்களோடு சேர்த்து எழுதினார்கள். கைக்குழந்தையான மகன் ஜானும் அடிமையாகும் நிலை!

எலிசபெத் நீதிமன்றம் போனார். அவருக்காக வாதாடியவர் வில்லியம் கிரின்ஸ்டெட் என்ற ஆங்கிலேய இளைஞர், குழந்தையின் தந்தை. மூன்று வாதங்கள் வைத்தார்கள்:

1. ஆங்கிலேயச் சட்டப்படி பிள்ளையின் நிலை அப்பாவைப் பொறுத்தது. அப்பா சுதந்திரமான ஆங்கிலேயர்.
2. எலிசபெத் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்.
3. ஒப்பந்தக் காலம் முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

சரி, அப்பா யார் என்பதை எப்படி நிரூபிப்பது? ஊர்க்காரர்களின் நினைவுதான் சாட்சி. ஒருவர், அவள் ஒரு துருக்கியரின் மகள் என்றும் பேச்சு இருந்ததாகச் சொன்னார். ஆனால் எலிசபெத் நியூமன் என்ற 80 வயதுப் பாட்டி, தன் அடிமைப் பெண்ணைக் கர்ப்பமாக்கியதற்காக நீதிமன்றம் தாமஸ் கீக்கு அபராதம் விதித்ததை நினைவுபடுத்தினார். அன்று அப்பாவுக்கு அவமானமான அந்த அபராதமே, இப்போது மகளுக்கு ஆதாரம் ஆனது.

1656 ஜனவரியில் ஜூரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. (பழைய ஏட்டில் 1655 என்றிருக்கும். அப்போது ஆங்கிலேயர்களின் புத்தாண்டு மார்ச் 25-ல் பிறந்தது. பழைய பதிவுகளைத் தேடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்!) மேல்முறையீட்டில் தீர்ப்பு புரண்டது. பிறகு சட்டசபைக் குழு எலிசபெத் பக்கம் நின்றது. கூடுதலாக உழைத்த காலத்துக்கு ஈடு தரவும், சோளமும் துணியும் கொடுக்கவும் சொன்னது. 1656 ஜூலையில் விடுதலை. அதே மாதம் வில்லியமுக்கும் அவருக்கும் திருமணம்.

அந்தக் காலத்துப் பெண்களைத் தேடுவது சிரமம். கல்யாணம் ஆனதும் பெயர் மாறும், நிலமெல்லாம் கணவன் பெயரில் இருக்கும். எலிசபெத்தின் கதை இன்று கிடைப்பதற்கே அந்த வழக்கு ஏடுகள்தான் காரணம். வில்லியம் இறந்தபின் அவர் மறுமணம் செய்துகொண்டார். ஜான், வில்லியம் என்ற இரு மகன்கள் வழியாக வம்சம் தொடர்ந்தது. குடும்பப் பெயரைக் கிரின்ஸ்டெட், கிரீன்ஸ்டெட், கிரிம்ஸ்டெட் என்று ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் அவர் நுழைந்த கதவை மற்றவர்களுக்கு மூடிவிட்டார்கள். 1662-ல் வர்ஜீனியா புதுச் சட்டம் போட்டது. பிள்ளை அடிமையா இல்லையா என்பது இனி அம்மாவைப் பொறுத்தது. 1667-ல் இன்னொரு சட்டம், ஞானஸ்நானம் பெற்றாலும் விடுதலை கிடையாது என்றது. இரண்டு வாதங்களும் போயின. முதலாளியே அடிமைப் பெண்ணுக்குப் பிள்ளை கொடுத்தாலும், அந்தப் பிள்ளை அவன் சொத்து!

அதன்பின் இருநூறு ஆண்டுகள் பிள்ளைகளின் விதியை அம்மாவை வைத்தே முடிவு செய்தார்கள். ஆனால் எலிசபெத்தின் வழக்கு ஏடுகளில் அப்பாவின் பெயர் இருக்கிறது, முதலாளிகளின் பெயர் இருக்கிறது, சாட்சி சொன்னவர்களின் பெயரும் வயதும்கூட இருக்கின்றன. அம்மாவின் பெயர் மட்டும் இல்லை.