புதர் மண்டிய அலாட்மென்ட் நிலத்தை மீட்டல்

பிரிட்டனில் உள்ளாட்சி மன்றங்கள் வீட்டுத் தேவைக்கான காய்கறி பயிரிடக் குறைந்த வாடகைக்கு விடும் நிலத்துண்டு அலாட்மென்ட் எனப்படும். தேவையுள்ள இடங்களில் இதை வழங்கும் கடமையை 1908ஆம் ஆண்டுச் சட்டம் மன்றங்களுக்கு விதித்தது. மரபான அளவு 10 ராட், அதாவது சுமார் 250 சதுர மீட்டர். முந்தைய குத்தகையாளர் கைவிட்ட துண்டு பல வேளைகளில் முட்புதர் மண்டிய நிலையிலேயே புதியவர் கைக்கு வருகிறது. அதை ஒரே மூச்சில் இயந்திரத்தால் உழுவதைவிடப் பகுதி பகுதியாக மீட்பதே நல்லது. கௌச் புல், பைண்ட்வீட் கொடி போன்ற களைகள் மண்ணுக்கடியில் பரவுபவை. சுழல்கலப்பை அவற்றைத் துண்டாக்க, துண்டுகள் தனிச்செடிகளாகத் துளிர்க்கின்றன. புதைந்துகிடந்த களைவிதைகளும் வெளிச்சம் பட்டு முளைக்கின்றன.

ஆகவே புதரை வெட்டியபின், கால்பங்கை மட்டும் தோட்ட முள்கரண்டியால் கிளறி வேர்களைப் பொறுக்கி, மீதியை ஒளிபுகாத விரிப்பால் மூடுவது தகும். மூடிய நிலம் வீண்தானே, குத்தகை விதி பயிரிடச் சொல்கிறதே என்பது நியாயமான மறுப்பு. ஆனால் மூடிய இடத்தில் களை விதையிட்டு அண்டை நிலத்துக்குப் பரவாது. திட்டத்தை மன்றத்திடம் முன்கூட்டியே தெரிவிக்கலாம். உருளைக்கிழங்கு நட்டாலே நிலம் சுத்தமாகும் என்பாரும் உண்டு. இலைநிழல் ஓரளவு உதவினாலும், மண் அணைப்பதும் கிழங்கு தோண்டுவதுமே களையை முதன்மையாக அகற்றுகின்றன. ஓராண்டு மூடியும் பைண்ட்வீட் முற்றிலும் சாகாது. எனினும் தளர்ந்த வேரைத் தொடர்ந்து பிடுங்குவது, உழுது பெருக்கிய களையோடு போராடுவதைவிட எளிது.