போத்தனூர் வைத்த பந்தயம்

போத்தனூர் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ரயில்வே ஜங்ஷன். கோயமுத்தூர் ஸ்டேஷனுக்குள் போகாமல் அப்படியே பாலக்காட்டுப் பக்கம் போய்விடும் சில ரயில்கள். "கோயமுத்தூருக்கு டிக்கெட் கெடைக்கலீங்க, போத்தனூர்ல எறங்கி பஸ் புடிச்சு வந்தேன்" என்று சலித்துக்கொள்ளும் விருந்தாளிகள். அவ்வளவுதானே?

ஆனால் உலகத்தில் மந்திரம், அற்புதம், ஆவி, மனோசக்தி இவற்றையெல்லாம் சோதித்துப் பார்க்கும் ஆட்களிடம் கேட்டால் வேறு பதில் வரும். "பிரேமானந்த் இருந்த ஊர்" என்பார்கள். 1988லிருந்து 'இந்தியன் ஸ்கெப்டிக்' என்ற ஆங்கில மாத இதழ் நம்ம செட்டிபாளையம் ரோட்டிலிருந்துதான் வெளிவந்தது. எங்கள் வகுப்பில் போத்தனூர்க்காரர்கள் நாலு பேர். ஒருத்தருக்கும் இது தெரியாது. ஆகவே இந்தக் கட்டுரை.

அவரைப் பற்றிப் பேசுவதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சென்னை அடையாறுக்கு.

1882ல் லண்டனில் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹென்றி சிட்ஜ்விக் அதன் முதல் தலைவர். ஆவி, தொலைவிலிருந்து மனதைப் படிப்பது போன்ற சங்கதிகளைக் கேலியும் செய்யாமல், கும்பிடும் போடாமல், ஆராய்ந்து பார்ப்போம் என்பது நோக்கம். 'உளவியல் ஆராய்ச்சிச் சங்கம்' என்று சொல்லலாம். அதே வருஷக் கடைசியில் பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் தங்கள் தியாசபிகல் சொசைட்டியின் தலைமையகத்தை அடையாறுக்குக் கொண்டுவந்தார்கள். இமயமலைப் பக்கம் வாழும் மகாத்மாக்கள் அம்மையாருக்குக் கடிதம் போடுகிறார்கள் என்று பேச்சு. தபாலில் அல்ல. ஒரு அறையில் சுவரில் தொங்கவிட்ட அலமாரிக்குள் கடிதம் தானாகத் தோன்றும்!

அந்த அலமாரி செய்த வேலைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1883 ஆகஸ்டில் ஊட்டியில் வசித்த ஜெனரல் மார்கன் என்ற ராணுவ அதிகாரி அடையாறு போகிறார். வீட்டு நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட எம்மா கூலோம் என்ற பெண்மணி அலமாரியைத் திறக்கும்போது உள்ளேயிருந்து ஒரு பீங்கான் தட்டு விழுந்து உடைகிறது. துண்டுகளைப் பொறுக்கி உள்ளே வைத்து மூடுகிறார்கள். சற்று நேரம் கழித்துத் திறந்தால் முழுத் தட்டு, கூடவே மகாத்மாவின் குறிப்பு! ஜெனரல் நம்பிவிட்டார். யார்தான் நம்பமாட்டார்கள்?

அடுத்த வருஷம் கதை திரும்பியது. பிளாவட்ஸ்கி ஐரோப்பா போயிருந்த நேரத்தில், 1884 மே மாதம், கூலோம் தம்பதியை அடையாறிலிருந்து வெளியேற்றினார்கள். செப்டம்பரில் மதராஸ் கிறிஸ்டியன் காலேஜ் மேகசினில் சில கடிதங்கள் வெளியாகின. அலமாரியில் இப்படி இப்படிச் செய் என்று பிளாவட்ஸ்கியே எனக்கு எழுதியவை இவை என்றார் எம்மா. அலமாரியின் முதுகில் நகரும் பலகை, சுவரில் துளை, சுவருக்கு அந்தப் பக்கம் அம்மையாரின் படுக்கையறை என்று சொன்னார்கள்.

லண்டன் சங்கம் ரிச்சர்ட் ஹாட்சன் என்ற இளைஞரை அனுப்பியது. டிசம்பரில் வந்து இறங்கி மூன்று மாதம் போலத் தங்கி விசாரித்தார். அவர் வருவதற்குள் அலமாரியே இல்லை! சொசைட்டி ஆட்களே அதை அழித்துவிட்டிருந்தார்கள். முக்கியமான சாட்சியே போச்சு.

இனிமேல் வருவதுதான் பி.காம் படிக்கிற எனக்குப் பிடித்த இடம். ஹாட்சன் ஆவியைத் தேடவில்லை, கடைக்கணக்கைத் தேடினார். பிராட்வேயில் ஒரு கடையில் 1883 ஜூலையில் இரண்டு பீங்கான் தட்டுகள் ரொக்க விற்பனையாகப் போயிருந்தது பதிவில் இருந்தது. அதே நாளில் எம்மா அந்தக் கடையில் பொருள் வாங்கியதும் தெரிந்தது. ஒன்று உடைவதற்கு, ஒன்று முழுசாக வருவதற்கு. எங்கள் ஆடிட்டிங் வகுப்பில் 'வவுச்சிங்' என்று தூக்கம் வரவைக்கும் ஒரு பாடம் உண்டு. அதை இந்தக் கதையோடு ஆரம்பித்தால் கடைசி பெஞ்சும் விழித்திருக்கும் :-)

1885ல் அறிக்கை வந்தது. பிளாவட்ஸ்கி சாதாரண ஏமாற்றுக்காரர் அல்ல, மிகத் தேர்ந்தவர் என்ற அளவுக்குப் போனது தீர்ப்பு. ஆனால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு வவுச்சர் என்ன நிரூபிக்கும்? சரக்கு வாங்கியதை நிரூபிக்கும். யார் சொல்லி வாங்கினார்கள் என்பதை அது சொல்லாது. தட்டு வாங்கியது எம்மா, அலமாரியைத் திறந்ததும் எம்மா. பழிவாங்க எல்லாவற்றையும் அவரே ஜோடித்தார் என்பது தியாசபிக்காரர்களின் வாதம். இது தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. 1986ல், அதாவது நூறு வருஷம் கழித்து, அதே லண்டன் சங்கத்தின் ஆய்விதழில் வெர்னான் ஹாரிசன் என்ற ஆவண நிபுணர் ஹாட்சனின் அறிக்கை ஒருதலைப்பட்சமானது, கையெழுத்து ஆராய்ச்சி சரியில்லை என்று எழுதினார். என் அபிப்பிராயம்: அலமாரியில் அற்புதம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் குற்றவாளி யார் என்பதில் ஹாட்சன் அவசரப்பட்டுவிட்டார். இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

இதற்குப் பின் ஆராய்ச்சி, வீடுகளையும் அலமாரிகளையும் விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குள் போனது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே.பி.ரைன் 1930களில் சீட்டுக்கட்டை வைத்து ஆராய்ந்தார். 25 சீட்டு, ஐந்து வகைப் படம்: வட்டம், கூட்டல் குறி, அலை, சதுரம், நட்சத்திரம். மறைத்து வைத்த சீட்டு எது என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக 5 சரியாக வரும். நம்ம புள்ளியியல் பேப்பரில் வரும் அதே ஈருறுப்புப் பரவல்தான், திட்ட விலக்கம் 2. ஒன்பதோ அதற்கு மேலோ சரியாகச் சொல்ல வாய்ப்பு ஏறக்குறைய 5 சதவீதம். அப்படியென்றால் 60 பேர் உள்ள எங்கள் வகுப்பில் ஒரு தடவை இந்த ஆட்டம் ஆடினால் மூன்று பேர் 'ஞானதிருஷ்டி'க்காரர்களாக வெளியே வருவார்கள்! அந்த மூவரை மட்டும் பத்திரிகையில் போட்டால் கதை முடிந்தது. மறுபடி மறுபடி ஆடச் சொன்னால்தான் சாயம் வெளுக்கும்.

ரைனுடன் வேலை செய்த கே. ராமகிருஷ்ண ராவ் 1967ல் விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு துறை தொடங்கினார். இந்தியாவில் பல்கலைக்கழகத்தில் ஆவி ஆராய்ச்சியா என்று சிரிக்காதீர்கள். முறையாகச் செய்தவர்கள் அவர்கள். ஆனால் உலகம் முழுக்க இந்தத் துறையின் பிரச்சினை ஒன்றே ஒன்று: ஒரு கூடத்தில் கிடைத்த முடிவு அடுத்த கூடத்தில் கிடைக்காது. 2011ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேரில் பெம் ஆயிரம் பேருக்கு மேல் சோதித்து, வருங்காலத்தை மனம் முன்கூட்டியே உணர்கிறது என்று பெரிய ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார். அடுத்த வருஷமே மற்றவர்கள் அதே சோதனையைச் செய்தார்கள். ஒன்றும் வரவில்லை.

இப்போது இலங்கைக்குப் போவோம். திருவல்லாவில் 1898ல் பிறந்த ஆபிரகாம் கோவூர், யாழ்ப்பாணம் சென்ட்ரல் காலேஜில் வாத்தியார் வேலைக்குப் போய், பிறகு கொழும்பில் தங்கிவிட்ட தாவரவியல்காரர். கல்கத்தாவில் படித்தபோது ஊர்க்காரர்கள் கங்கைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்களாம். இவர் வரும் வழியில் ஒரு ரயில் நிலையத்துத் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்துவிட்டார். அதைக் குடித்தவர்களுக்கு நோய் குணமானதாகச் சேதி வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய அனுபவக் கதை ஒன்று 1973ல் 'மறுபிறவி' என்று தமிழ்ப் படமாகவும் வந்தது.

கோவூர் 1963ல் ஒரு லட்சம் ரூபாய் சவால் விட்டார். என்ன செய்து காட்ட வேண்டும் என்று ஒரு பட்டியலே போட்டார். உறையில் மூடி ஒட்டிய ரூபாய் நோட்டின் எண்ணைச் சொல்லலாம். தண்ணீர் மேல் நடக்கலாம். தண்ணீரைப் பெட்ரோல் ஆக்கலாம் (இன்றைய விலைக்கு இது ஒன்றே போதும்!). கலந்துகொள்கிறவர் ஆயிரம் ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டும், ஜெயித்தால் திரும்பக் கிடைக்கும். டெண்டருக்குக் கட்டுகிற முன்வைப்புத் தொகை மாதிரி. சும்மா பொழுதுபோக்க வருகிறவனை வடிகட்ட நல்ல வழி.

பட்டியலில் இன்னொன்று: எரியும் தணல் மேல் அரை நிமிடம் கொப்புளம் வராமல் அசையாமல் நிற்க வேண்டும். கவனியுங்கள், 'நடக்க' அல்ல, 'நிற்க'. நம்ம பக்கம் பண்ணாரியில் ஆயிரக்கணக்கானவர்கள் குண்டம் இறங்குகிறார்கள். என் அம்மிச்சிக்கு அது உயிர். அதை நான் கேலி செய்ய வரவில்லை. ஆனால் 1935ல் இங்கிலாந்தில் ஹாரி பிரைஸ் என்ற ஆராய்ச்சியாளர், குதா பக்ஷ் என்ற காஷ்மீர்க்காரரைத் தணலில் நடக்கவிட்டு, மருத்துவர்களை வைத்துக் காலைச் சோதித்தார். காயம் இல்லை. மரக்கரி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், ஒவ்வொரு அடியும் தணலில் படும் நேரம் மிகக் குறைவு. ரகசியம் அவ்வளவுதான். இரும்புத் தகடு என்றால் ஒரே அடியில் வெந்துவிடும். நடக்கிறவருக்குத் தைரியம் நிஜம், பக்தி நிஜம். தீ சுடாமல் இருப்பது மட்டும் பௌதிகம்.

1978ல் கோவூர் இறந்தார். சவாலைக் கையில் எடுத்துக்கொண்டவர்தான் நம்ம ஊர் பசவ பிரேமானந்த். 1930ல் கோழிக்கோட்டில் பிறந்தவர். வெள்ளையனே வெளியேறு இயக்கத்துக்காகப் பள்ளிப் படிப்பை விட்டவர். வேடிக்கை என்னவென்றால் அவருடைய பெற்றோர் தியாசபி அன்பர்கள். அடையாறில் தொடங்கிய கதை போத்தனூரில் இப்படி வந்து சேர்கிறது!

பிரேமானந்த் விஞ்ஞானி இல்லை. மேஜிக் தெரிந்தவர். இந்த வேலைக்கு அதுதான் தகுதி என்பேன். 1979ல் அமெரிக்க மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி இரண்டு இளம் மேஜிக் பையன்களை மனோசக்தி உள்ளவர்கள் போல ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். வருஷக்கணக்கில் அங்கே கரண்டி வளைந்துகொண்டிருந்தது, கண்டுபிடிக்கப்படவில்லை. அணு பொய் சொல்லாது, ஆகவே பௌதிகக்காரருக்குப் பொய்யைப் பிடித்துப் பழக்கமில்லை.

விபூதி வரவழைப்பதைப் பிரேமானந்த் மேடையிலேயே செய்வார். சாம்பலைக் கஞ்சித் தண்ணீரில் பிசைந்து உருட்டிக் காயவைத்து, கட்டைவிரல் இடுக்கில் ஒளித்துக்கொண்டு, கையைச் சுழற்றும்போது நசுக்கினால் விபூதி கொட்டும். நெருப்பில்லாமல் யாகம் வளர்க்கப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கிளிசரினும் போதும். ஊர் ஊராகப் போய்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் காட்டினார். 1995ல் பிரிட்டிஷ் டிவிக்காக 'குரு பஸ்டர்ஸ்' என்ற ஆவணப்படமும் எடுத்தார்கள்.

அவருடைய பெரிய மோதல் புட்டபர்த்தி சத்ய சாயிபாபாவுடன். இதில் அவர் முதல் ஆள் இல்லை. 1976ல் பெங்களூர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் எச். நரசிம்மையா ஒரு குழு அமைத்து, சோதனைக்கு வரும்படி பாபாவுக்கு மூன்று கடிதம் எழுதினார். பதில் இல்லை. பிரேமானந்த் 1986ல் நூற்றுக்கணக்கான தொண்டர்களுடன் புட்டபர்த்தி நோக்கி நடந்தபோது போலீஸ் கைது செய்தது.

அதே வருஷம் அவர் போட்ட வழக்கு ஒன்று இருக்கிறதே, வணிகச் சட்டம் படிக்கிறவர்கள் தவறவிடக் கூடாதது. அப்போது தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1968 அமலில் இருந்தது (1990ல் நீக்கினார்கள்). அனுமதி இல்லாமல் தங்க நகை செய்யக் கூடாது. பாபா வெறுங்கையில் தங்கச் சங்கிலி வரவழைக்கிறார் என்கிறார்களே, அனுமதி வாங்கினாரா? இதுதான் வழக்கு! நிஜமாகவே உருவாக்கினால் சட்டமீறல், எங்கோ வாங்கி ஒளித்து எடுத்தால் அற்புதம் இல்லை. வழக்கு தள்ளுபடி ஆனது. ஆன்மிக சக்தி என்பது சட்டம் ஏற்கும் எதிர்வாதம் அல்ல என்று மேல்முறையீடு செய்தார்.

பிரேமானந்தின் முறையில் ஒரு ஓட்டை உண்டு. 'இதைத் தந்திரமாகவும் செய்யலாம்' என்று காட்டினால், 'அவர் தந்திரமாகத்தான் செய்தார்' என்று ஆகிவிடாது. பக்தர்கள் இதைத்தான் திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பேரேட்டில் ஒரு கோடி வரவு என்று எழுதியவன்தான் ரசீது காட்ட வேண்டும், ஆடிட்டர் அல்ல.

இதெல்லாம் பொழுதுபோகாதவர்களின் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீதியில் ஒரு அக்காவின் பையனுக்கு வலிப்பு. யாரோ செய்வினை என்று சொல்ல, தகடு எடுக்கிற ஒருவரிடம் ஒரு வருஷம் அலைந்தார்கள். அக்காவின் செயின் போனது. அப்புறம்தான் பெரியாஸ்பத்திரி. மாத்திரையில் அடங்கிவிட்டது. இப்படி மந்திர வைத்தியத்துக்கு விளம்பரம் செய்வது 1954லிருந்தே சட்டப்படி குற்றம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மகாராஷ்டிரத்தில் சூனியத்துக்கு எதிரான சட்டத்துக்காகப் போராடிய நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகுதான் அங்கே சட்டம் வந்தது.

பிரேமானந்துக்கு அந்த முடிவு வரவில்லை. 2009ல் நோயில் படுத்திருந்தபோது, சாகப்போகிற நேரத்தில் கடவுளை நம்பிவிட்டார் என்று தன்னைப் பற்றிப் புரளி கிளம்பும் என்று எதிர்பார்த்து, தான் பகுத்தறிவாளனாகவேதான் இருக்கிறேன் என்று செப்டம்பர் 20 அன்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்தார். அக்டோபர் 4 அன்று போத்தனூரில் இறந்தார். ஒரு லட்சம் ரூபாயைக் கேட்டு ஜெயித்து வாங்கிப் போனவர் அதுவரை ஒருவரும் இல்லை.