150 ரூபாய் ஹெட்செட் பிறந்த கதை

அருப்புக்கோட்டை செல்போன் கடைகளில் சார்ஜர் வயருக்கும் டெம்பர் கிளாஸுக்கும் நடுவே சரம் சரமாகத் தொங்குகிறது ஹெட்செட். 100, 150, 200 என்று விலை. கடைக்காரர் பையைப் பிரித்து, பின்னைப் போனில் குத்தி, ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, "ரெண்டு பக்கமும் கேக்குதா?" என்பார். "பேஸ் இருக்காண்ணே?" என்பார் வாங்குகிறவர். சில மாதத்தில் ஒரு பக்கம் செத்துப்போகும். வேறொன்று வாங்கிக்கொள்வார்கள்.

இப்படி அலட்சியமாக வாங்கி எறிகிற பொருள் உருவாக ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. பாட்டுக் கேட்க வேண்டும் என்று யாரும் இதைத் தொடங்கவில்லை. டெலிபோன்காரர்களும் கப்பற்படையும் தங்கள் வேலைக்காக வளர்த்த பிள்ளை இது. அந்தக் கதை நெடுக ஒரே பஞ்சாயத்துதான்: சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும், காதும் நோகக் கூடாது.

அலெக்சாண்டர் கிரகாம் பெல் டெலிபோனுக்குக் காப்புரிமை வாங்கியது 1876-ல். 1882 ஜனவரி 28 அன்று கல்கத்தா, பம்பாயோடு சென்னையிலும் எக்ஸ்சேஞ்ச் திறந்தாகிவிட்டது. எக்ஸ்சேஞ்ச் என்றால் ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு இணைப்பாகக் கையால் கொடுக்க வேண்டும். இரண்டு கையும் வேலையில் இருந்தால் ரிசீவரை யார் காதில் பிடிப்பது? அமெரிக்க எக்ஸ்சேஞ்சுகளில் அதற்கு ஒரு வழி கண்டார்கள். ரிசீவரையும் மைக்கையும் ஒரு சட்டத்தில் பொருத்தி, ஆபரேட்டரின் தோளில் ஏற்றிவிட்டார்கள். சில கிலோ பாரத்தைச் சுமந்துகொண்டு நாள் முழுக்க "நம்பர் ப்ளீஸ்" சொல்ல வேண்டியிருந்தது.

அந்தப் பாரத்தைக் குறைக்கும் யோசனை பிரான்ஸிலிருந்து வந்தது. எர்னெஸ்ட் மெர்க்காடியே என்ற பொறியாளர் 1891-ல் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். காதுத் துளைக்குள்ளேயே செருகிக்கொள்ளும் இரண்டு சின்ன ரிசீவர்கள். மொத்த எடை சுமார் 50 கிராம். துளையில் உரசாமல் இருக்க மேலே ரப்பர் உறை. அந்த உறையே வெளிச் சத்தத்தையும் அடைக்கும் என்று அவர் விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறார். இன்றைய பட்ஸ் முனையில் இருக்கும் சிலிகோன் ரப்பரின் மூத்த தலைமுறை அதுதான். வசதிக்கு ஒன்று, ஒலிக்கு இன்னொன்று என்று பிரிக்காமல் இரண்டையும் ஒரே ரப்பரிடம் ஒப்படைத்திருந்தார் மெர்க்காடியே. உலகம் அதை நெடுங்காலம் மறந்திருந்தது.

மறந்ததற்குக் காரணம் உண்டு. அன்றைய ரிசீவரில் சத்தம் மிகவும் மெல்லிசு. அதை உரக்கச் செய்தவர் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின். தேவாலயப் பிரசங்கம் சரியாகக் காதில் விழவில்லை என்ற குறையில் ஒலிபெருக்கும் வேலையில் இறங்கியவர் அவர். 1910 வாக்கில் கப்பற்படைக்குத் தன் கருவியை அனுப்பிவைத்தார். சோதித்துப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள்; கம்பியில்லாத் தந்திச் செய்தி முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. தொழிற்சாலை எங்கே என்று பார்த்தால், எல்லாவற்றையும் அவர் தன் வீட்டுச் சமையலறையில் வைத்துச் செய்துகொண்டிருந்தார். மெல்லிய உலோக நாவு ஒன்றைக் காந்தங்களுக்கு நடுவே சமநிலையில் நிறுத்தி, அது அசையும்போது தகட்டை அசைக்கும்படி அமைத்ததுதான் அவருடைய நுட்பம். சின்ன மின்சாரத்துக்குப் பெரிய சத்தம் கிடைத்தது. இரண்டு ரிசீவரையும் தலைமேல் ஒரு பட்டையால் இணைத்ததும் ஹெட்போனுக்கு இன்றைய உருவம் வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் இதைப் பாட்டுக்காகக் காதில் மாட்டியது ரேடியோ வந்த பிறகு. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924 மே மாதம் தொடங்கிய மதராஸ் மாகாண ரேடியோ கிளப், அதே ஆண்டு ஜூலை 31-ல் ஒலிபரப்பை ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் சல்லிசான ரேடியோ என்றால் கிறிஸ்டல் செட். பேட்டரி கிடையாது, கரண்ட் கிடையாது. காற்றில் வரும் அலையின் சக்தியே அதை ஓட்டும். அந்தச் சக்தி ஒரு ஹெட்போனை முணுமுணுக்க வைக்கத்தான் போதும். வீட்டில் ஒருவர் கேட்டால் மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பிறகு ஒலிபெருக்கி வந்து ஹெட்போனை ஓரங்கட்டியது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் ஊர்களில் ஒலி என்றாலே ஊர்ப் பொது. பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றிச் சாயங்காலம் கூட்டம் கூடும். 1963-ல் வந்த திருநெல்வேலி வானொலியும், கடல் தாண்டி வந்த இலங்கை வானொலியும் எல்லாருக்கும் சேர்த்தே பாடின. காதுகுத்து, சடங்கு, பொங்கல் விழா எதுவானாலும் வேப்பமரத்தில் குழாயைக் கட்டி மைக்செட்காரர் இசைத்தட்டைச் சுழலவிட்டால் மூன்று கண்மாய் தாண்டியும் கேட்கும். தனியாகக் காதுக்குள் பாட்டுக் கேட்க இங்கே யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. விமானிகள், ராணுவத்தார், ஸ்டுடியோக்காரர்கள் தலையில்தான் ஹெட்போன் இருந்தது.

பாட்டுக்காக அதை மறுபடி எடுத்தவர் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து ஜான் காஸ். 1958-ல் ஒரு கண்காட்சிக்குத் தூக்கிச் செல்லக்கூடிய ரெக்கார்ட் பிளேயரைக் கொண்டுபோனார். பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவில்லாமல் கேட்கலாம் என்று ஒரு ஸ்டீரியோ ஹெட்போனையும் சேர்த்து வைத்தார். வந்தவர்கள் பிளேயரை விட்டுவிட்டு ஹெட்போனைச் சுற்றிக்கொண்டார்கள். ஆனால் அந்த வகை ஹெட்போன்கள் கனமானவை, காதை முழுசாக மூடுபவை. பத்து நிமிடத்தில் வியர்க்கும். 1968-ல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்டி 414 என்ற மாடலில் மூடியைத் திறந்துவிட்டது. பின்பக்கம் காற்றுப் போக வழி, காதின்மேல் மஞ்சள் நுரைப்பஞ்சு. இறுக்கம் போனது, புழுக்கம் போனது. ஹெட்போன் வரலாற்றில் மிக அதிகமாக விற்றவற்றில் அது ஒன்று.

1979 ஜூலை 1-ல் ஜப்பானில் சோனி வாக்மேன் கடைக்கு வந்தது. பேரெல்லாம் கேசட் பெட்டிக்குப் போனாலும், சாதனையில் பாதி அதோடு வந்த ஹெட்போனுடையது. அதன் எடை சுமார் 50 கிராம்தான். மெர்க்காடியே சொன்ன எடைக்கே அது வந்து சேர்ந்தது. 1982-ல் அதே சோனி, தலைப்பட்டையையே எடுத்துவிட்டுக் காது மடலில் உட்காரும் இயர்போனைக் கொண்டுவந்தது. வளைகுடாவிலிருந்து வந்தவர்களின் பெட்டியில் வாக்மேனும் டேப் ரிக்கார்டரும் தமிழ்நாட்டுக்குள் நுழைந்த காலம் அது.

விலை இறங்கியதற்குக் காரணம் ஒரு காந்தம். ஹெட்செட்டைப் பிரித்தால் உள்ளே இருப்பது இவ்வளவுதான்: தாளைவிட மெல்லிசான ஒரு பிளாஸ்டிக் படலம், அதில் ஒட்டிய செம்புக் கம்பிச் சுருள், நடுவில் ஒரு காந்தம். சுருளில் மின்சாரம் போய்வரும்போது காந்தம் அதை இழுத்துத் தள்ளும். படலம் அதிர்ந்து பாட்டாகும். காந்தம் எவ்வளவு பலமோ அவ்வளவு சின்னதாகச் செய்யலாம். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாடோ சகாவா ஒரு பக்கமும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்கள் இன்னொரு பக்கமுமாக நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தத்தைக் கண்டுபிடித்தார்கள். சாதாரண ஃபெரைட் காந்தத்தைவிடப் பல மடங்கு வலு. பின்னாளில் சீனாவில் அது டன் கணக்கில் உற்பத்தியானபோது, மிளகளவு காந்தம் சில்லறைக் காசுக்குக் கிடைத்தது. ஒலி உண்டாக்கும் பாகம் மலிவாகிவிட்டது.

வாங்க ஆள் வந்தது 2016-ல். செப்டம்பரில் ஜியோ தொடங்கியதும் டேட்டா விலை சரிந்தது. படமும் பாட்டும் போனுக்குள் வந்தன. பஸ்ஸில் பத்துப் பேர் பத்து வீடியோ பார்க்க வேண்டுமானால் காதுக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். அதே மாதம் ஆப்பிள் தன் ஐபோனிலிருந்து பின் குத்தும் துளையை எடுத்தது. டிசம்பரில் வயரில்லா ஏர்பாட்ஸை விற்றது. அதைப் பார்த்துச் சில ஆண்டுகளிலேயே ஆயிரம் ரூபாய்க்குள் புளூடூத் நெக்பேண்டும் பட்ஸும் குவிந்தன. போட் போன்ற இந்திய நிறுவனங்கள் அந்த விலைச் சந்தையைப் பிடித்துக்கொண்டன.

அப்படியானால் 150 ரூபாய்க்கும் 15,000 ரூபாய்க்கும் ஒலியில் என்ன வித்தியாசம்? 2017-ல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை விலையோடு ஒப்பிட்டார். தாழ்ந்த சுரம், உயர்ந்த சுரம் எந்த அளவில் ஒலிக்கிறது என்பதற்கும் கடை விலைக்கும் தொடர்பே தென்படவில்லை. உறுதியான வயர், இரண்டு பக்கமும் பிசகாத சமநிலை, நல்ல மைக், பேட்டரி, வெளிச் சத்தத்தைக் குறைக்கும் நுட்பம் ஆகியவற்றுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். நல்ல ஒலிக்கு விலைச்சீட்டு உத்தரவாதம் தராது.

உத்தரவாதம் இருப்பது வேறொரு இடத்தில். காதுத் துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளக் குழல். ரப்பர் அதன் வாயைச் சரியாக அடைத்தால்தான் உள்ளே இருக்கும் சொற்பக் காற்றை அந்தக் குட்டிப் படலத்தால் அழுத்தி அசைக்க முடியும். தவிலின் தொப்பியடி, பறையின் கனம், இளையராஜா பாட்டின் பேஸ் கிட்டார் எல்லாம் அந்த அழுத்தத்தில் பிறப்பவை. சிறு இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த சுரம் அத்தனையும் ஒழுகிவிடும். ஓட்டை வாளியால் கிணற்றில் இறைத்த கதைதான். எஞ்சியிருக்கும் உயர்ந்த சுரம் காதில் குத்தும். "மட்டமான செட்டு" என்று தூக்கி எறிவதில் பாதி, ரப்பர் சேராத செட்டாக இருக்கும். பெரிய ரப்பரும் ஆகாது. அரை மணியில் காது வலிக்கும்.

இந்த வெக்கை நாட்டில் வசதியின் கணக்கும் கொஞ்சம் வேறு. சித்திரை, வைகாசியில் காதை மூடும் பெரிய ஹெட்போனின் ரெக்சின் மெத்தை வியர்வையில் ஊறி, ஒன்றிரண்டு வருடத்தில் செதில் செதிலாக உரியும். துணி மெத்தையோ நுரைப்பஞ்சோ தாங்கும். துளைக்குள் போகும் பட்ஸில் வியர்வையும் குறும்பியும் சேர்ந்து முனை வலையை அடைக்கும்; ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் பல நேரம் காரணம் அதுதான். உலர்ந்த பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டினால் சரியாகும். ரப்பரைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்தால் அரிப்பும் வராது.

யார் எங்கே மாட்டுகிறார் என்பதும் முக்கியம். ஆட்டுக்கிடையோடு மதுரை-தூத்துக்குடி நாலு வழிச் சாலையைக் கடக்கிறவருக்குக் காதை அடைக்காத மடல் வகைதான் உகந்தது. பின்னால் வரும் லாரி காதில் விழ வேண்டும். விசைத்தறிக் கூடத்தில் கதை தலைகீழ். அங்கே சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். அதற்குமேல் பாட்டுக் கேட்க வேண்டுமானால் பாட்டை அதைவிட உரக்க வைக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். சத்தத்தைச் சத்தத்தால் அடிக்கும் ஏஎன்சி வசதி விமான இரைச்சல் போன்ற சீரான ஒலிக்குத்தான் நன்றாகப் பலன் தரும். தறி நாடாவின் படார் படார் அடிக்கு அது பிந்திவிடும். அங்கேயும் காப்பது அடைப்புதான். ஆனால் அந்தக் கூடத்தில் எட்டு மணி நேர வேலைக்குப் பாட்டைவிட வெறும் காதடைப்பானே நல்லது.

ஆகவே ஒலி, வசதி, காதின் நலம் மூன்றும் அந்தக் குட்டி ரப்பரில்தான் வந்து கூடுகின்றன. சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பாட்டு ஓடும்போது ஹெட்செட்டை விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால் உங்கள் ரப்பர் சின்னது. அடுத்த சைஸைப் போடுங்கள். அழுத்தியும் மாற்றமில்லை, காதும் வலிக்கவில்லை என்றால் அதுவே உங்கள் அளவு. இடது காதும் வலது காதும் பலருக்கு ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு பக்கம் சின்னதும் மறு பக்கம் பெரியதுமாகப் போட்டுக்கொண்டால் யாரும் சிரிக்கப்போவதில்லை; அதைப் பார்க்கப்போகிறவர்களும் கிடையாது.