மழைக்காலத்தில் தேர்வு: சுற்றுச்சூழல் பட்டத்துக்கு எது தகுதி?

சுற்றுச்சூழல் கல்வி நம் கல்லூரிகளுக்குள் நீதிமன்றத்தின் வழியாக வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயமாக்கச் சொன்னது. பின்னர் பல்கலைக்கழக மானியக் குழு இளநிலை மாணவர் அனைவருக்கும் ஆறுமாதப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தது. எழுத்துத் தேர்வுக்கு 75, களப்பணிக்கு 25 என்று மதிப்பெண் பிரிந்தது. அந்த 25, பல இடங்களில் ரெக்கார்ட் நோட்டில் ஒட்டிய படங்களுக்கே கிடைத்துவிடுகிறது. எல்லாருக்கும் பொதுவான ஒரு தாளில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். சுற்றுச்சூழலையே முதன்மைப் பாடமாகக் கொண்ட மூன்றாண்டுப் பட்டத்திலும் இதே வழக்கம் தொடர்ந்தால், கிரெடிட் எண்ணிக்கையை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. குறை பாடத்திட்டத்தில் இருப்பதைவிடக் கல்லூரி நாட்காட்டியில் அதிகம் இருக்கிறது என்பதே என் வாதம்.

சென்னையின் மேற்குப் புறநகரைப் பாருங்கள். அம்பத்தூர் ஏரியின் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் போக வேண்டும். தெற்கே பூந்தமல்லிக்கு அப்பால் 3,645 மில்லியன் கனஅடி கொள்ளளவுள்ள செம்பரம்பாக்கம் நிரம்பினால் நீர் அடையாற்றில் இறங்கும். நடுவே திருவேற்காட்டைத் தொட்டுக் கூவம் ஓடுகிறது. இந்த அமைப்பு இயங்குவதைப் பார்க்கக் கிடைக்கும் காலம் வடகிழக்குப் பருவமழையான அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். நம் செமஸ்டர் தேர்வுகளோ நவம்பரில் வருகின்றன. கலங்கல் வழியும்போது மாணவர் தேர்வுக்கூடத்தில் இருக்கிறார். ஏரி வற்றிக் கழிவுநீர்க் குழாய்களின் வாய் வெளியே தெரியும் மே மாதத்தில் அவருக்கு விடுமுறை. களப்பயணம் பெரும்பாலும் பிப்ரவரியில் நடக்கிறது. அப்போது ஏரி அழகாகத்தான் இருக்கும்.

ஆகவே முதல் நிபந்தனை: ஒரே ஏரியை இரண்டு மழைக்காலமும் இடையிலுள்ள கோடையும் பின்தொடராமல் பட்டம் இல்லை. ஒரு மதிப்பீட்டை இத்தனை செமஸ்டர்களுக்கு நீட்டத் தேர்வுத் துறை ஒப்பாது என்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற ஐந்தாம் பகுதிச் செயல்பாடுகளுக்கு ஆறாம் செமஸ்டரில்தானே கிரெடிட் தருகிறார்கள்? வழி ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டாவது, ஆவணம் படித்தல். 1960களில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அதைச் சூழ்ந்த குடியிருப்புகளும் ஏரிப் பாசன வயல்களான ஆயக்கட்டை விழுங்கின. வயல் போனபின் மதகைத் திறக்கும் தேவை போயிற்று. கழிவு வந்து சேரும் வழி மட்டும் மிஞ்சியது. ஏரி என்பது நீர் நிற்கும் பரப்பு மட்டுமா, வரத்துக் கால்வாயும் சேர்ந்ததா? இதற்கு விடை வருவாய்த் துறையின் புல வரைபடத்திலும் 'அ' பதிவேடு என்னும் நிலப் பதிவேட்டிலும்தான் தேட வேண்டும். தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் (2007) பொதுப்பணித் துறையின் பொறுப்பிலிருந்த ஏரிகளுக்கென்றே இயற்றப்பட்டது. ஊராட்சி ஒன்றியங்களிடம் உள்ள சிற்றேரிகள் அதற்குள் வருவதில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு நாள் உட்கார்ந்த மாணவருக்கு இந்த வேறுபாடு விளங்கிவிடும்.

மூன்றாவது, ஆய்வகம். கலைப்பிரிவு மாணவருக்கு வேதியியல் சுமையாகும் என்ற மறுப்பை நான் ஏற்கவில்லை. உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை 20 பாகை செல்சியஸில் ஐந்து நாள் வைத்து அளப்பதாக அயல்நாட்டுப் பாடநூல்கள் சொல்கின்றன. இந்தியத் தர முறை 27 பாகையில் மூன்று நாள். இதை அறியாதவரால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கை ஒன்றைக்கூட ஒழுங்காக வாசிக்க முடியாது. கொரட்டூர் ஏரியில் கழிவு கலப்பதை எதிர்த்துப் பகுதிவாசிகள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடியதுபோன்ற வழக்குகளில், மாதிரி எடுத்தது மழைக்கு முன்னா பின்னா என்பதே பல வேளைகளில் வாதத்தைத் தீர்மானிக்கும்.

வேலைவாய்ப்பையும் மறைக்கக் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உதவிப் பொறியாளர் பணிக்குப் பொறியியல் பட்டமும், சுற்றுச்சூழல் அறிவியலாளர் பணிக்கு முதுநிலைப் பட்டமும் கேட்கிறார்கள். சேர்க்கைக் கையேட்டிலேயே இதை அச்சிட்டுவிடலாம்.

உண்மையான முட்டுக்கட்டை ஆசிரியரின் பணிப்பளு. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரக் கற்பித்தல் என்பது மானியக் குழுவின் 2018 விதிமுறை. டிசம்பர் மழையில் கரைமேல் மாணவரோடு நிற்கும் அரைநாளை அந்தப் பதினாறில் சேர்ப்பார்களா என்பதைக் கல்லூரிக் கல்வி இயக்ககம் முதலில் எழுத்தில் சொல்ல வேண்டும்.