தைமஸில் நடந்த களையெடுப்பு

டி செல்லின் ஏற்பியைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால், பலரும் 1984-ஐக் காட்டுவார்கள். அந்த ஆண்டுதான் மார்க் டேவிஸ் குழு எலியிலும், தக் மாக் குழு மனிதரிலும் ஏற்பிக்கான மரபணுவைப் பிரித்தெடுத்தன. பெரிய சாதனை, மறுப்பதற்கில்லை. ஆனால் ஏற்பியை முதலில் கையில் பிடித்துக் கொடுத்தவை மோனோகுளோனல் ஆன்டிபாடிகளே. 1982-ல் ஜேம்ஸ் ஆலிசனும், 1983-ல் டென்வரில் ஜான் காப்ளர் - பிலிப்பா மாரக் தம்பதியும் எலி டி செல்களை வைத்து ஒரே தர்க்கத்தில் இறங்கினார்கள். ஒவ்வொரு டி செல் வம்சத்துக்கும் தனி ஏற்பி உண்டு என்றால், ஒரு வம்சத்தோடு மட்டும் ஒட்டி மற்றவற்றை விட்டுவிடும் ஆன்டிபாடி, அந்த ஏற்பியைத்தானே பிடித்திருக்க வேண்டும்?

மரபணுவே கிடைத்த பிறகு ஆன்டிபாடி எதற்கு என்று கேட்கலாம். மரபணு, ஏற்பி எப்படி அமைந்தது என்பதைச் சொல்லும். எந்தச் செல் உயிரோடிருக்கிறது, எது அழிந்தது என்பதைச் சொல்லாது. சொந்த உடலையே தாக்கக்கூடிய செல்கள் முளையிலேயே அழிக்கப்படுகின்றன என்று மாக்ஃபர்லேன் பர்னெட் 1950-களிலேயே ஊகித்திருந்தார். ஆனால் பதில் தராத செல்லையும் இல்லாத செல்லையும் சோதனைக் குழாயில் பிரித்தறிய வழியில்லை. அந்த வழியைத் திறந்தது, விபீட்டா 17ஏ வகை ஏற்பியோடு மட்டும் ஒட்டும் கேஜே23ஏ என்ற ஆன்டிபாடி. அந்த வகை ஏற்பியுள்ள செல்கள், சில எலிகளின் சொந்தப் புரதமான ஐ-ஈ-யைக் கண்டால் கிளர்ந்தெழும். ஐ-ஈ உள்ள எலிகளில், டி செல்கள் முதிரும் உறுப்பான தைமஸில் அத்தகைய இளம் செல்கள் இருந்தன; முதிர்ந்த செல்களிடையே மட்டும் ஏறக்குறைய ஒன்றுகூட இல்லை. 1987-ல் காப்ளர், ரோம், மாரக் மூவரும் வெளியிட்ட இந்த முடிவு, பர்னெட்டின் ஊகத்துக்குக் கண்ணால் கண்ட சாட்சி.

இதற்கும் ஓர் ஆட்சேபம் உண்டு, அதுவும் வலுவானது. ஒரு குடும்ப ஏற்பிகளை இப்படி மொத்தமாக நீக்கவைப்பவை பெரும்பாலும் எலியின் மரபணுவுக்குள் தங்கிவிட்ட மார்பகக் கட்டி வைரஸ்களின் புரதங்கள் என்று 1991-ல் தெரியவந்தது. அப்படியானால் இது விதிவிலக்கா? இல்லை. 1988-லேயே கிசியெலோ, ஃபோன் போமர் குழுவினர், ஆண் எலிகளுக்கே உரிய ஆன்டிஜெனைப் பிடிக்கும் ஏற்பியை மரபணு மாற்ற எலிகளில் புகுத்தியிருந்தனர். பெண் எலிகளில் அந்தச் செல்கள் வளர்ந்தன. ஆண் எலிகளின் தைமஸிலேயே மடிந்தன. அங்கும் ஏற்பியை அடையாளம் காட்டியது ஆன்டிபாடிதான். அதற்கு ஓர் எல்லையும் இருந்தது: ஏற்பியின் வகையைக் காட்டும், அந்த ஏற்பி எதைத் தேடுகிறது என்பதைக் காட்டாது. அதற்கான கருவி, டெட்ராமர், 1996-ல்தான் வந்தது. அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.