சிற்றளவு எண்ணியல் ஒலிபரப்பும் சமுதாய வானொலியும்: பிரித்தானிய வரலாற்றில் நிதியும் உடைமையும்

முன்னுரை

வானலைகள் பொதுச்சொத்து என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரி 9ஆம் நாள் தீர்ப்பளித்தது. வங்கக் கிரிக்கெட் சங்க வழக்கில் எழுந்த அத்தீர்ப்பே பின்னர் இந்தியாவில் சமுதாய வானொலிக்கு வழிகோலியது. அதே ஆண்டு செப்டம்பரில் பி.பி.சி. நிறுவனம் பிரித்தானியாவில் டிஜிட்டல் எனப்படும் எண்ணியல் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பில்லை. எனினும், அலை யாருடையது என்று இந்தியா கேட்டு விடை கண்ட வேளையில், அலையில் ஏற்றும் கருவி யாருடையது என்ற புதிய வினா பிரித்தானியாவில் உருவாகியிருந்தது. அவ்வினா அந்நாட்டுச் சமுதாய வானொலிகளின் நிதியையும் உடைமையையும் எவ்வாறு பாதித்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிலையமும் கோபுரமும்

பண்பலை ஒலிபரப்பில் ஓர் உரிமம், ஓர் அலைவரிசை, ஒரு கோபுரம் என்பதே இயல்பான அமைப்பு. இருபத்தைந்து வாட் ஆற்றலில் ஒரு சிற்றூருக்கு மட்டும் ஒலிக்கும் நிலையமும் தன் ஒலிபரப்பைத் தானே நடத்திக்கொள்ள இயலும். எண்ணியல் முறையில் இவ்வமைப்பு குலைகிறது. பல நிலையங்களின் ஒலி எண்களாக மாற்றப்பட்டு, ஏறத்தாழ 1.5 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே தொகுதியில் சேர்த்து ஒலிபரப்பப்படுகிறது. இத்தொகுதியை மல்ட்டிபிளெக்ஸ் என்பர். 1996ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சட்டம் மல்ட்டிபிளெக்ஸை நடத்துபவரையும் நிகழ்ச்சி வழங்குபவரையும் இருவேறு உரிமதாரர்களாகப் பிரித்தது. நிகழ்ச்சி வழங்குபவர் மல்ட்டிபிளெக்ஸ் உரிமையாளருக்குக் கட்டணம் செலுத்தித் தம் ஒலியை ஏற்றவேண்டும். சொந்தக் குடிசையில் இருந்தவர் அடுக்குமாடியில் வாடகைக்குக் குடிபுகுந்த நிலை இது.

வாடகையும் சிறிதன்று. வட்டார மல்ட்டிபிளெக்ஸ் ஒன்று பெரும்பாலும் ஒரு பெருநகரையோ ஒரு மாவட்டம் முழுவதையுமோ தழுவியது. ஒரு நகர்ப்பகுதிக்கு மட்டும் பேச விரும்பிய நிலையமும் அப்பரப்பு முழுமைக்குமான செலவைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. நாடு தழுவிய முதல் வணிக மல்ட்டிபிளெக்ஸான ‘டிஜிட்டல் ஒன்’ 1999இல் தொடங்கிற்று. அதனையும் வட்டார மல்ட்டிபிளெக்ஸ்களையும் பெரிய வானொலி நிறுவனங்களும் கோபுர நிறுவனங்களுமே கையில் வைத்திருந்தன.

வருவாய்க்கு இட்ட வேலி

சமுதாய வானொலி பிரித்தானியாவில் சட்டவடிவம் பெற்றது இதற்குப் பின்னரே என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 2002இல் பதினைந்து நிலையங்களைக் கொண்டு ஒரு முன்னோட்டம் நடத்தப்பட்டது. அதனை ஆய்ந்த ஆண்டனி எவரிட்டின் அறிக்கை 2003இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு சமுதாய வானொலி ஆணை பிறப்பிக்கப்பட்டது. இலாப நோக்கின்மை, சமுதாயப் பயன், மக்களின் பங்கேற்பு ஆகியவற்றை அது வற்புறுத்தியது. ஆனால் அதன் கூர்மையான விதிகள் பணம் பற்றியவையே. எந்த ஒரு மூலத்திலிருந்தும் ஒரு நிலையம் தன் வருவாயில் பாதிக்கு மேல் பெறலாகாது என்றது ஆணை. விளம்பர வருவாய்க்கும் இவ்வரம்பு இருந்தது. சிறிய வணிக வானொலி இயங்கும் சில பகுதிகளில் சமுதாய நிலையம் விளம்பரமே ஏற்கக்கூடாது என்றிருந்தது. மிகச் சிறிய வணிக நிலையம் உள்ள பகுதியில் அதற்கு உரிமமே கிடையாது என்றிருந்தது.

இவ்விதிகளுக்கு இரண்டு அச்சங்கள் காரணமாயின. நகராட்சி போன்ற ஒரு கொடையாளரின் குரலாகவே நிலையம் மாறிவிடும் என்பது ஒன்று. வணிக வானொலியின் விளம்பரத்தைப் பறித்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டாம் அச்சமே மேலோங்கியிருந்தது எனல் பொருந்தும். 2010இல் விதிகள் திருத்தப்பட்டபோது முதல் அச்சத்துக்கான வரம்பு நீங்கியது. விளம்பர வரம்பு நீங்கவில்லை. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னரே, தடையிருந்த பகுதிகளிலும் ஆண்டுக்கு 15,000 பவுண்டு வரை விளம்பரமும் ஆதரவுத்தொகையும் பெறும் வாய்ப்புக் கிட்டியது. அரசு அளித்த சமுதாய வானொலி நிதி தொடக்கத்தில் ஆண்டுக்கு ஐந்து இலட்சம் பவுண்டாக இருந்தது. அடுத்த பத்தாண்டில் நிலையங்கள் இருநூற்றைக் கடந்தன. நிதி அதற்கேற்ப வளரவில்லை. தன்னார்வலர் உழைப்பில் நடந்த நிலையங்கள் மல்ட்டிபிளெக்ஸ் வாடகையை எண்ணிப் பார்க்கவும் இயலாதிருந்ததில் வியப்பில்லை.

பிரைட்டன் சோதனை

இம்முட்டுக்கட்டையை உடைத்தது சட்டமன்று. ஒரு பொறியாளரின் முயற்சி. ஒலிபரப்பு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காமில் பணியாற்றிய ரஷீத் முஸ்தஃபா 2012இல் பிரைட்டன் நகரில் ஒரு சோதனையைத் தொடங்கினார். விலைமிகுந்த தனிக்கருவிகளுக்கு மாற்றாகச் சாதாரணக் கணினியும் யாவரும் இலவசமாகப் பயன்படுத்தத்தக்க திறமூல மென்பொருளும் அதில் பயன்பட்டன. அம்மென்பொருளின் வேர் கனடா அரசின் தகவல்தொடர்பு ஆய்வு மையத்தில் இருந்தது. ஒரு நாட்டின் பொதுப்பணத்தில் உருவாகித் திறந்துவிடப்பட்ட நிரல், மற்றொரு நாட்டின் சிறுநிலையங்களுக்குக் கதவு திறந்தது. சமுதாய வானொலியின் நிதி வரலாற்றில் இவ்வகைக் கண்ணுக்குப் புலப்படாத கொடைகள் உரிய இடம் பெறுவதில்லை.

2015இல் இலண்டன், மான்செஸ்டர், கிளாஸ்கோ, நார்விச் உள்ளிட்ட பத்து இடங்களில் சோதனை விரிந்தது. தொழில்நுட்பம் செல்லும் என்பது மெய்ப்பட்டது. ஆனால் நிலையான உரிமம் வழங்கச் சட்டத்தில் இடமில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் கெவின் ஃபாஸ்டர் கொணர்ந்த தனிநபர் மசோதா 2017இல் சட்டமாயிற்று. அதன்வழி 2019இல் விரிவான ஆணை பிறந்தது. 2020இல் ஆஃப்காம் உரிமங்களுக்கு விண்ணப்பம் கோரியது.

2019ஆம் ஆண்டின் ஆணையை 2004ஆம் ஆண்டின் ஆணையோடு ஒப்பிட்டால் அக்கறை இடம்பெயர்ந்திருப்பது புலனாகும். முன்னது வருவாய்க்கு வேலியிட்டது. பின்னது வாயிலைக் காத்தது. ஏற்கெனவே மல்ட்டிபிளெக்ஸ் வைத்திருப்போர் சிற்றளவு மல்ட்டிபிளெக்ஸில் பெறும் பங்குக்கு வரம்பு விதிக்கப்பட்டது. ஒவ்வொரு தொகுதியிலும் சமுதாய எண்ணியல் நிலையங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஏற்றுக் கட்டணத்தை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்றும் ஆயிற்று. எண்ணியல் உரிமம் பெறும் சமுதாய நிலையங்களுக்குப் பண்பலை நிலையங்களுக்கிருந்த விளம்பர வருவாய் வரம்பும் விதிக்கப்படவில்லை.

இது வரவேற்கத்தக்க மாற்றமே. எனினும் இரு குறைகளைச் சுட்டவேண்டும். ஒதுக்கப்பட்ட இடம் இலவச இடமன்று. அறிவிக்கப்பட்ட கட்டணம் கட்டுப்படுத்தப்பட்ட கட்டணமும் அன்று. மேலும், சிற்றளவு மல்ட்டிபிளெக்ஸ்களை இலாப நோக்கின்றியே நடத்தவேண்டும் என விதிக்கும் அதிகாரத்தை 2017ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்கு அளித்திருந்தது. அரசு அதனைப் பயன்படுத்தாமல் வணிக நிறுவனங்களுக்கும் வாயிலைத் திறந்துவைத்தது. ஆகவே உள்ளூர் நிலையங்களே கூடி நிறுவனம் அமைத்து உரிமம் பெற்ற ஊரில் சமுதாய வானொலி வீட்டுக்குரியோராயிற்று. அவ்வாறு இயலாத ஊரில் மலிவான வாடகைக்குக் குடியிருப்போராயிற்று. ஒரே சட்டத்தின்கீழ் இவ்விரு நிலைகளும் விளைந்தன.

இந்தியச் சூழல்

இந்தியாவில் 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி கிட்டியது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘அண்ணா எஃப்.எம்.’ 2004 பிப்ரவரி 1 முதல் ஒலித்தது. 2006இன் கொள்கை தன்னார்வ அமைப்புகளுக்கும் இடமளிக்கவே, 2008 அக்டோபரில் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் தலித் பெண்கள் நடத்தும் ‘சங்கம் ரேடியோ’ தொடங்கியது. இங்கும் கொள்கையின் கவனம் வருவாயிலேயே நின்றது: மணிக்கு ஐந்து நிமிடம் என்றிருந்த விளம்பர நேரம் படிப்படியாக உயர்ந்து 2024இல் பன்னிரண்டு நிமிடமாயிற்று. உடைமை பற்றிய தகராறு எழவில்லை. அனுமதியைப் பிறருக்கு மாற்ற இயலாது. ஒலிபரப்பும் கருவி அனுமதி பெற்ற அமைப்பின் பொறுப்பிலேயே இருந்தது.

அகில இந்திய வானொலி ஏற்றுள்ள டி.ஆர்.எம். என்னும் எண்ணியல் முறையிலும் ஓர் அலைவரிசையில் ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளை ஏற்றலாம். தனியார் வானொலிகள் எண்ணியலுக்கு மாறுவது குறித்துத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018 முதல் பரிந்துரைகள் அளித்துவருகிறது. அம்மாற்றத்தில் சமுதாய நிலையம் தனக்கென ஒரு தொகுதியைப் பெறுமா, பிறர் தொகுதியில் ஒதுக்கீடு பெறுமா என்பது விளம்பர நிமிடங்களின் எண்ணிக்கையைவிட முன்னதாகத் தீர்க்கப்படவேண்டிய வினா. பிரித்தானியா அதனைக் கேட்கத் தொடங்கியபோது, 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மல்ட்டிபிளெக்ஸ்கள் பிறர் கைக்குச் சென்று பல ஆண்டுகள் கழிந்திருந்தன.